நல்ல தண்ணீர்ச் செடி

குவைத்தில், ஃபர்வானியாவில் நாங்கள் குடியிருந்த வீட்டில் இரண்டு குழாய்கள் இருந்தன. ஒன்றில் உப்புத் தண்ணீர் வரும். அது எப்போதும் வரும். இன்னொன்றில் நல்ல தண்ணீர் வரும். அது டாங்கர் லாரி வந்து மொட்டைமாடித் தொட்டியை நிரப்பினால் வரும். எது யாருக்கு என்று என் மனைவி பிரித்து வைத்திருந்தாள். குடிக்க, சமைக்க, எங்கள் ஆறு வயது மகளின் தலைமுடிக்கு, பிறகு கொல்லையில் நின்ற கறிவேப்பிலைச் செடிக்கு நல்ல தண்ணீர். பாத்திரம் தேய்க்க, தரை துடைக்க, நான் குளிக்க உப்புத் தண்ணீர். அந்த வீட்டின் பதவி வரிசையில் தரைக்கு அடுத்தபடியாக நான் இருந்தேன்.

இதை நான் எதிர்த்ததில்லை. எழுபதுகளின் நடுவில் அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் நான் ஹெட் கிளார்க். வயது நாற்பத்தைந்து. சோப்பு நுரைக்காத தண்ணீருக்குப் பழகிய தோல், நிறையப் படித்த தலை. அந்தப் படிப்பு எந்த அளவுக்கு உதவியது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

என் மனைவிக்கு முதலில் குவைத் பிடிக்கவில்லை. திருச்சியில் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்தவள். வந்த முதல் இரண்டு வருடம் முழுவதும் அவள் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியிலிருந்து புடவையை எடுத்துக் கட்டுவாள். துவைத்து, காயவைத்து, மடித்து, மறுபடி பெட்டிக்குள்ளேயே வைப்பாள். இரும்பு அலமாரி காலியாக நின்றது. அதில் என் புத்தகங்களை வைத்துக்கொள்ளட்டுமா என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏன் அவசரப்படறீங்க? நான் போனப்புறம் மொத்த அலமாரியும் உங்களுக்குத்தானே" என்றாள்.

ஊருக்குப் போய் வந்தபோதெல்லாம் ஒரு கறிவேப்பிலைக் கன்றைக் கொண்டுவந்தாள். பால்மாவு டப்பாவில் மண்ணோடு வைத்து, ஈரத்துணி சுற்றி, விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு. முதல் கன்று பத்து நாளில் போயிற்று. இரண்டாவதைப் பூனை தோண்டியது. மூன்றாவது கன்று, வந்து ஒரு மாதம் சும்மா நின்றுவிட்டு, திடீரென்று ஒரு காலையில் துளிர்த்தது. அந்த வாரம்தான் பெட்டி காலியாகி அலமாரியின் தலைமேல் ஏறியது. "அதுவே வேர் பிடிச்சுருச்சு. சரி, நானும் இருந்து பார்க்கிறேன்" என்றாள் மனைவி.

எங்களுக்கு ஃபேமிலி விசா கொடுத்தது அரசாங்கம்தான். ஆனால் அதைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது அந்தச் செடி.

மூன்று வருடத்தில் அது என் தோள் உயரத்துக்கு வளர்ந்தது. கூடவே ஒரு முருங்கை, நாலைந்து கத்தரி, ஒரு மல்லிகை. எல்லாமே பன்னிரண்டடிக்கு இருபதடி மணலில். கறிவேப்பிலை அன்றைக்கு அந்த ஊரில் கடையில் கிடைக்கிற பொருள் அல்ல. செய்தி பரவி, வெள்ளிக்கிழமை லீவு நாளில் தமிழ்க் குடும்பங்கள் எங்கள் வாசலுக்கு வர ஆரம்பித்தன. என் மனைவி யாருக்கும் கையில் கொடுக்க மாட்டாள். உப்பும் கறிவேப்பிலையும் கைக்குக் கை மாறினால் சண்டை வரும் என்பது அவள் வீட்டு வழக்கம். அதனால் காலையிலேயே கொத்துக் கொத்தாகப் பறித்து, மதிலின் மேல் வரிசையாக வைத்து, காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல்லை வைத்துவிடுவாள். வருகிறவர்கள் கல்லை எடுத்து வைத்துவிட்டு, கொத்தை எடுத்துக்கொண்டு, உள்ளே வந்து காபி குடித்துவிட்டுப் போவார்கள். சண்டையில்லாமல் காலம் ஓடியது.

அந்த வருடம் தை மாதம் அவள் தம்பிக்குக் கல்யாணம். மாசியில் தங்கைக்குப் பிரசவம். மகளையும் அழைத்துக்கொண்டு டிசம்பரில் கிளம்பினாள். ஒன்றாம் வகுப்பு மூன்று மாதம் போனால் உலகம் நின்றுவிடாது என்று அவள், முன்னாள் ஆசிரியை, சொன்னாள். சமையலறைக் கதவில் ஒரு முழு ஃபுல்ஸ்கேப் தாளை ஒட்டினாள். அதில் எனக்கான கட்டளைகள்: கறிவேப்பிலைக்குத் தினம் ஒரு சொம்பு நல்ல தண்ணீர். மோர் புளித்தால் கொட்டாமல் வேருக்கு ஊற்றவும். குளிர் கூடினால் சாக்கு போட்டு மூடவும். கடைசி வரியை அடிக்கோடு போட்டிருந்தாள்: உங்கள் புத்தகத்தைப் பார்க்க வேண்டாம்.

நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கிலத் தோட்டக்கலைப் புத்தகம் அது. எழுதியவர் பனி பெய்யும் ஊர்க்காரர். முருங்கையைக் கனவிலும் கண்டவர் அல்லர். ஆனால் அவருடைய நடை எனக்குப் பிடித்திருந்தது. குளிர்காலத்தில் செடிகள் உறங்குகின்றன, உறங்குவதைத் தொந்தரவு செய்யாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், இயற்கையை நம்புங்கள் என்று அவர் சொன்னது எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. காலையில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு படிக்கும்போது எல்லா அறிவுரையிலும் இதுதான் ஆகச் சிறந்தது என்று தோன்றும். நானும் உறங்கினேன். செடிகளும் உறங்கின.

ஜனவரியில் வடமேற்கிலிருந்து காற்று கிளம்பியது. பாலைவனக் குளிரைப் பற்றி ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். மூன்று நாள் அடித்த அந்தக் காற்றில் நான் குரங்குக் குல்லாயும் இரண்டு ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு பல் தேய்த்தேன். நாலாம் நாள் காலை கொல்லைக் கதவைத் திறந்தால், வெளியே இருந்த வாளியில் தண்ணீரின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு தகடு. டம்ளரால் தட்டினேன். உடைந்தது. ஐஸ்.

நிமிர்ந்து பார்த்தேன். கறிவேப்பிலையின் இலைகள் அத்தனையும் எண்ணெயில் போட்டதுபோலக் கறுத்துச் சுருண்டிருந்தன. தாளிக்காமலேயே தாளித்த மாதிரி. மல்லிகை வைக்கோலாகியிருந்தது. முருங்கை மட்டும் உச்சியில் கொஞ்சம் பச்சையாக நடுங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் சாக்கு ஞாபகம் வந்தது. ஓடிப்போய்ச் சாக்கைத் தேடினேன். அகப்படவில்லை. கம்பளியை எடுத்துக்கொண்டு ஸ்டூலைப் போட்டு ஏறி, முருங்கையின் தலையில் அதைப் போர்த்தப் போனேன். ஸ்டூலின் ஒரு கால் மணலில் இறங்கியது. மற்ற மூன்றும் என்னோடு வரச் சம்மதிக்கவில்லை.

குளிருக்குத் தப்பிய கத்தரிச் செடிகள் நான்கு இருந்தன. அவற்றின் சாவுக்குக் குளிரைக் குற்றம் சொல்ல முடியாது. நான் அவற்றின் மேல் விழுந்தேன்.

வலது காலில் இரண்டிடத்தில் எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு போட்டு, ஏழு வாரம் என்றார்கள். படுக்கையில் கிடந்தபடி மனைவிக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தேன். "கால் முறிந்துவிட்டது" என்று எழுதினால் என்ன நடக்கும்? அடுத்த விமானத்தில் வந்து நிற்பாள். வந்து நின்றால் முதலில் எதைப் பார்ப்பாள்? என் காலை அல்ல. யோசித்துப் பார்த்து, "காலில் லேசான சுளுக்கு. செடிகள் நலம்" என்று எழுதி ஒட்டினேன். ஒரு வரியில் இரண்டு பொய். என் எழுத்து வாழ்க்கையிலேயே மிகச் செறிவான நடை அதுதான்.

என்னைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வந்து சேர்ந்தார். எங்கள் கம்பெனியின் ஏ.சி. டெக்னீஷியன், குளச்சல்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர். கம்பெனி ரூமில் ஆறு பேரோடு படுத்திருந்தவர், "அண்ணாச்சி ஒத்தைக்கு எப்பிடிக் கெடப்பியோ" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். டூட்டி முடிந்து வந்து மீன்குழம்பு வைப்பார். முதல் நாளே கொல்லைக்குப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"அண்ணாச்சி, ஒங்க காலு சேந்துரும். அதுல சந்தேகமில்ல. அந்தச் செடி செத்துப் போச்சி பாத்துக்கிடுங்க."

"சாகல. தூங்குது."

"யாரு சொன்னா?"

புத்தகத்தைக் காட்டினேன். புரட்டிப் படம் பார்த்தார். "இந்த ஆளுக்க ஊர்ல மீனு உண்டா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். அதற்கப்புறம் அந்தப் புத்தகம் எங்கள் வீட்டில் பயனுள்ள நூலாயிற்று.

எனக்குக் கொல்லைக்குப் போக வேண்டும். கட்டுப் போட்ட காலை ஊன்ற முடியாது. கக்கத்தில் இடுக்கும் ஊன்றுகோலை மணலில் ஊன்றினால் அது முழங்கால்வரை இறங்குகிறது. குளச்சல்காரர் ஆபீசிலிருந்து என்னுடைய சுழல் நாற்காலியையே எடுத்துவந்தார். மேனேஜரிடம் கேட்டாயா என்றேன். "ஆளு இல்லாத நாற்காலி அங்க என்னத்துக்கு?" என்றார். சிமெண்ட் தரையில் அது ராஜநடை போட்டது. கொல்லை மணலில் ஒரு அடி போனதும் சின்னச் சக்கரங்கள் புதைந்து, என்னைச் சாய்த்து, மதிலைப் பார்க்கத் திருப்பி வைத்தது. அரைமணி நேரம் மதிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவர் கடைக்குப் போய் வரும்வரை.

மறுநாள் எங்கோ கிடந்த ஒரு பழைய குழந்தைவண்டியின் சக்கரங்களைக் கழற்றிவந்து நாற்காலிக்கு மாட்டினார். சைட்டில் கான்கிரீட் போடுவதற்கு அடிக்கிற பலகைகளில் கழிந்தவற்றைக் கொண்டுவந்து, கதவிலிருந்து கறிவேப்பிலைவரை மணல்மேல் வரிசையாகப் பரப்பினார். ஒரே நேர்கோடு. அதில்தான் நான் போகலாம், வரலாம். மல்லிகை இரண்டடி தள்ளி இருந்தாலும் அது வேறு தேசம். ரயிலில் போகிறவன் வழியில் வயலைப் பார்க்கிற மாதிரி நான் கத்தரிச் செடிகளின் சமாதியைப் பார்த்துக்கொண்டே போவேன்.

பலகை முடிகிற இடத்தில், காலைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒரு நெய் டின்னைக் கவிழ்த்து வைத்தார். அந்த டின்னுக்கும் ஒரு கதை உண்டு. முன்பொருமுறை பூவாளி செய்கிறேன் என்று நான் அதன் அடியில் ஆணியால் முப்பது நாற்பது ஓட்டை போட்டிருந்தேன். தண்ணீரை மொண்டு செடிக்குத் தூக்கிப் போவதற்குள் மொத்தமும் என் வேட்டியில் இறங்கிவிடும். அதனால் ஓய்வு பெற்ற டின். கவிழ்த்ததும் ஓட்டைகள் மேலே வந்தன. என் மாவுக்கட்டுக் கால் அதன்மேல் வசதியாக உட்கார்ந்தது.

இப்படித் தினமும் காலையில் என் ரயில் கிளம்பும். மடியில் ஒரு சட்டியில் புளித்த மோர். கடையில் விற்கிற லபனை வாங்கி, இரண்டு நாள் வெளியில் வைத்துப் புளிக்க வைத்தது. மனைவியின் தாளில் இருந்த கட்டளைகளில் ஒன்றையாவது, ஐந்து வாரம் தாமதமாகவாவது, நிறைவேற்றுவதென்று முடிவு செய்திருந்தேன். செடியின் அடியில் மோரை ஊற்றுவேன். சட்டியை ஒரு சொம்பு நல்ல தண்ணீரால் அலசுவேன். மோர் சிந்தி டின்மேல் ஈ மொய்க்கும் என்பதால் அந்த அலசலை டின்மேலேயே ஊற்றிக் கழுவுவேன். பிறகு காலைத் தூக்கி டின்மேல் வைத்துக்கொண்டு, நகத்தால் செடியின் பட்டையைச் சுரண்டிப் பச்சை தெரிகிறதா என்று பார்ப்பேன். இன்றைக்கு ஒரு இடம், நாளைக்கு ஒரு இடம். மாசி பிறப்பதற்குள் பாதிச் செடியை உரித்துவிட்டேன். உயிர் இருந்திருந்தாலும் என் பரிசோதனையில் போயிருக்கும்.

அக்கம்பக்கத்துப் பூனைகள் கவனித்தன. மூன்றாம் நாளிலிருந்து எனக்கு முன்னால் வந்து செடியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. நான் ஊற்ற ஊற்ற நக்கின. மதிலுக்கு அப்பால் வீட்டுச் சொந்தக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். வயதான குவைத்தி. இளமையில் பாய்மரக் கப்பலில் பம்பாய்க்கும் கள்ளிக்கோட்டைக்கும் போய்வந்தவர். கப்பலில் கற்ற இந்தியைக் கரையேறியும் விடாதவர். ஒருநாள் பொறுக்க முடியாமல் மதிலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"அரே பாய், லக்கடி லபன் பீத்தா ஹை?"

மரக்கட்டை மோர் குடிக்குமா என்று கேட்கிறார். எங்கள் ஊரில் கறிவேப்பிலைக்கு மோர்தான் மருந்து என்று என் ஓட்டை இந்தியில் விளக்கினேன். அவர் செடியைப் பார்த்தார், பூனைகளைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார்.

"கலாஸ், பாய்" என்றார் மிகவும் பரிவோடு. கலாஸ் என்றால் முடிந்தது. எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமைகள்தான் கஷ்டம். கால் முறிந்த செய்தி பரவி ஜனங்கள் பழத்தோடு வந்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கட்டிலைத் தாண்டிக் கொல்லைக் கதவுக்குப் போய் எட்டிப் பார்ப்பார்கள். மதில்மேல் கற்கள் மட்டும் வரிசையாக இருக்கும், அடியில் ஒன்றுமில்லாமல். பிறகு திரும்பி வந்து தலையை ஆட்டிக்கொண்டு உட்காருவார்கள்.

"நல்லா வளந்த செடிங்க. பாவம்."

"ஆமாங்க."

"உங்க வீட்டம்மாவுக்குச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"மெதுவாச் சொல்லுங்க. திடீர்னு சொல்லிடாதீங்க. தாங்க மாட்டாங்க." எழுந்து வாசல்வரை போய்விட்டு, ஞாபகம் வந்தவர்போலத் திரும்புவார்கள். "ஆமா, கால் எப்படி இருக்கு?"

மனைவியிடமிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு கடிதம் வந்தது. கல்யாணத்தைப் பற்றி இரண்டு வரி, மற்றதெல்லாம் செடி. "கறிவேப்பிலையில் இப்போது எத்தனை கிளை?" என்று கேட்டிருந்தாள். நான்கு என்று எழுதினேன். "நான் கிளம்பும்போதே ஐந்து இருந்ததே?" என்று பதில் வந்தது. ஒன்றை எண்ண விட்டுப்போயிற்று, ஐந்துதான் என்று எழுதினேன். அடுத்த கடிதம் மாசிக் கடைசியில் வந்தது. தங்கைக்கு ஆண் குழந்தை. இன்ன தேதியில் விமானம். கீழே ஒரு வரி: "பழைய பள்ளிக்கூடத்தில் மறுபடி கூப்பிடுகிறார்கள். ஜூனில் சேரலாமாம். நேரில் பேசுவோம்."

அந்த வரியை நான் பலமுறை படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு அலமாரியின் தலைமேல் காலியாக இருந்த இடம்தான் கண்ணில் பட்டது. பெட்டி அங்கே இல்லை; அவளோடு போயிருந்தது. அது திரும்பி வந்து எங்கே உட்காரும் என்பதை நான் கையாலாகாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

குளச்சல்காரரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு நெடுநேரம் மீனைச் சுத்தம் செய்தார்.

"அண்ணாச்சி, ஒரு வழி உண்டு. வேற செடி கொண்டாந்து வச்சிருவோம். சின்னதாப் போச்சேன்னு மைனி கேட்டா, குளிர்ல சுருங்கிட்டுன்னு சொல்லுங்க."

"செடி சுருங்குமா?"

"ஒங்க புஸ்தகத்துல இருக்குன்னு சொல்லுங்க."

இரண்டு நாளில் டப்பாவோடு வந்துவிட்டார். அப்பாசியா பக்கம் ஒரு கம்பெனித் தோட்டத்தில் வேலை பார்க்கிற பாகிஸ்தானியிடம் கேட்டு வாங்கியதாம். முழங்கால் உயரம். இருபுறமும் வரிசையாகப் பச்சை இலை. பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது. பழைய குச்சியைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் வைப்போம் என்று அவர் கையை வைத்தார்.

"வேண்டாம். அது இருக்கட்டும். பக்கத்துல வை."

"செத்ததை வச்சி என்ன செய்ய?"

"இருக்கட்டும்ப்பா."

ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் குழி தோண்டி வைத்தார். ஆளுக்கொரு இலையைக் கையால் தடவிப் பார்த்து, அருமையான கறிவேப்பிலை என்று ஒப்புக்கொண்டோம்.

மறுநாள் வீட்டுச் சொந்தக்காரர் மதிலுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார். சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, குனிந்து ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டார். முகம் கோணியது. துப்பினார்.

"நீம், பாய்! நீம் ஹை!"

வேம்பு.

நாங்கள் இருவரும் அந்தச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். இலை விளிம்பில் ரம்பம்போலப் பல் இருந்தது. இப்போது எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது! எங்கள் இருவருக்கும் சேர்த்து எண்பது வயது. அந்த எண்பது வருடமும் கறிவேப்பிலையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கித்தான் பார்த்திருக்கிறோம். வெந்து, வதங்கி, குழம்பில் ஊறி. மரத்தில் நிற்கிற கறிவேப்பிலையை மோந்து பார்க்கிற வேலையை வீட்டுப் பெண்களிடம் விட்டுவிட்டோம். கறிவேப்பிலை எது, வேம்பு எது என்று ஒரு அரபி சொல்லித் தெரிந்துகொண்ட தமிழர்கள் நாங்கள் இருவராகத்தான் இருப்போம்.

"அண்ணாச்சி," என்றார் குளச்சல்காரர் மெதுவாக, "மீனைப் பத்திக் கேளுங்க, சொல்லுகேன்."

மாவுக்கட்டைப் பிரித்த மூன்றாம் நாள் மனைவி வந்தாள். கால் சிலேட்டுக் குச்சிபோல மெலிந்து, மடங்க மறுத்தது. கைத்தடியோடு விமான நிலையத்தில் நின்றேன். தூரத்திலிருந்தே என் காலைப் பார்த்துவிட்டாள்.

"சுளுக்குன்னு எழுதுனீங்க?"

"கொஞ்சம் பெரிய சுளுக்கு."

"எத்தனை வாரம்?"

"ஏழு."

டாக்சியில் வரும்போது மகள் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மனைவி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் குளச்சல்காரர் காத்திருந்து பெட்டியை இறக்கினார். அவள் அதைக் கவனிக்காமல், செருப்போடு வீட்டுக்குள் நுழைந்து, நேரே கொல்லைக்குப் போனாள். நான் பலகைமேல் தடியை ஊன்றி ஊன்றிப் பின்னால் போனேன்.

முதலில் வேம்பைப் பார்த்தாள். ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கினாள். மூக்கருகே கொண்டுபோகக்கூட இல்லை, கீழே போட்டாள். பிறகு பட்டை உரிந்த அந்தக் குச்சியைப் பார்த்தாள். நகத்தால் ஒரே ஒரு இடத்தில் சுரண்டினாள்.

"எப்போ?"

"ஜனவரியில."

"அஞ்சு கிளைன்னு எழுதுனீங்களே."

"அஞ்சும் அப்படியேதான் இருக்கு" என்றேன். அது உண்மை. அந்த மூன்று மாதத்தில் நான் சொன்ன ஒரே உண்மை.

மகள் செடியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அம்மா, இட்ஸ் டெட்" என்றாள்.

கொல்லை வாசலில் குளச்சல்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார். "மைனி, பெட்டிய எங்க வைக்க?"

அவள் விரலில் ஒட்டிய பட்டைத் தூளைத் தட்டினாள். சிரித்திருந்தால், திட்டியிருந்தால், நான் பிழைத்திருப்பேன். முகத்தில் ஒன்றுமே இல்லை. மூன்று பகல் ரயிலிலும் விமானத்திலும் வந்த அலுப்பு மட்டும் இருந்தது. உட்கார இடம் தேடினாள். என் டின் கண்ணில் பட்டது. குனிந்து அதைத் தன் பக்கமாக இழுக்கப் போனாள். மணலில் விளிம்பு புதைந்திருந்ததால் வரவில்லை. தூக்கினாள்.

தூக்கியவள் அப்படியே நின்றாள்.

டின் இருந்த இடத்தில், சதுரமாக ஈரம் பாய்ந்த மண்ணில், ஒரு ஜாண் உயரத்துக்கு ஒரு கன்று நின்றது. நின்றது என்று சொல்லக்கூடாது. டின்னின் மூலைக்குத் தகுந்தாற்போல வளைந்து, ஓட்டைகளை நோக்கிக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. வெளுத்த பச்சை. சின்னச் சின்ன இலைகள், நாலு காம்பு. பல் இல்லாத இலைகள்.

நடந்தது எனக்கு மெல்ல விளங்கியது. மேலே செடி செத்திருக்கிறது. அதன் வேர் ஓடிப்போய் மூன்றடி தள்ளி முளைத்திருக்கிறது. ஏழு வாரமாகப் பிணத்துக்கு மோரை ஊற்றி, உயிரின்மேல் காலை வைத்துக்கொண்டிருந்தேன். டின் குளிரை மறைத்திருக்கிறது. ஓட்டை வழியே வெளிச்சம் போயிருக்கிறது. நான் ஈக்குப் பயந்து கழுவிய தண்ணீர், நல்ல தண்ணீர், தினமும் ஒரு சொம்பு. தாளில் எழுதியிருந்த கட்டளையை எனக்கே தெரியாமல் ஒருநாள் விடாமல் நிறைவேற்றியிருக்கிறேன்.

இதையெல்லாம் விளக்கலாம் என்று நினைத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"இதுமேலயா?" என்றாள். "இதுமேலயா காலை வச்சுக்கிட்டு உட்காந்திருந்தீங்க?"

"ஆமா."

"ஏழு வாரமும்?"

"ரெண்டு நாள் டாக்டர்கிட்டப் போனேன்."

மணலில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு இலையின் நுனியை மட்டும் கிள்ளினாள். கசக்கி மோந்து பார்த்தாள். வெகுநேரம் விரலை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. பிறகு அந்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவளுக்குத் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள் என்று புரிவதற்குக் கொஞ்ச நேரமாயிற்று. அதிலும் கொஞ்சம் அழுகை இருந்திருக்கலாம். இரண்டையும் பிரித்தறிகிற திறமை எனக்கு வேம்பு விஷயத்திலேயே இல்லை.

"மைனி," குளச்சல்காரர் இன்னும் பெட்டியோடு நின்றார். "கை வலிக்கி."

"உள்ள கட்டில் மேல வைங்க. பிரிக்கணும்" என்றாள். "பிரிச்சுட்டுக் காலிப்பெட்டியை அலமாரி மேல தூக்கி வைச்சுருங்க. இவருக்கு ஏற வராது. ஸ்டூல்னா பயம்."

ஸ்டூல் விஷயத்தை நான் அவளுக்கு எழுதவே இல்லை; வேறு யாரோ எழுதியிருக்கிறார். குளச்சல்காரரைப் பார்த்தேன். அவர் அவசரமாகப் பெட்டியோடு உள்ளே போனார்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். நல்ல தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. எனக்கு நின்று நின்று கால் கடுத்தது. கதவருகே ஒதுக்கியிருந்த குழந்தைவண்டிச் சக்கர நாற்காலியைப் பலகைமேல் உருட்டிவந்து மெல்ல உட்கார்ந்து, ஏழு வாரப் பழக்கத்தில் காலைத் தூக்கி முன்னால் நீட்டினேன்.

"அம்மா!" என்று மகள் அலறினாள். "அப்பா காலை வைக்கப் போறாங்க!"

சொம்போடு மனைவி ஓடிவரும்வரை, மடங்காத காலை அந்தரத்தில் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.